இராவணன் கையும் தச்சன் கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வில்லால் இழைத்து வாசிக்கப்படும் பழைய நரம்புக் கருவிகளைப் பற்றியும், அவற்றைச் செய்யும் தொழிலைப் பற்றியும் சில வார்த்தைகள் கூறுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். சங்கீதத்தை முறையாகக் கற்றோர் பலர் இச்சபையில் இருக்கின்றனர். நாமோ வித்துவான்கள் அல்லேம். நூல்களைப் படிக்கும் மாணவர் மாத்திரமே. எனினும், யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிந்திக்கவேண்டிய விடயம் ஒன்று இதில் உண்டு என்று நாம் கருதுவதால் இப்பணியை ஏற்றுக்கொண்டோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். நரம்புக் கருவிகள் எல்லாம் ஒரே இனத்தன அல்ல. வீணையும் தம்புராவும் விரலால் மீட்டப்படுவன. பழந்தமிழர் யாழும் அவ்வாறே. வில்லுப்பாட்டில் வரும் வில் கோலால் அடிக்கப்படுவது. வயலின், சாரங்கி முதலியனவோ இவற்றின் வேறானவை. குதிரைவால் மயிர் கட்டிய வில் ஒன்று நரம்பின்மேல் இழுக்கப்பட, நரம்பு நீண்டு பாடுகின்றது. மீட்டிய ஒலி பிறந்தவுடனே தேயத் தொடங்கும். இழைத்த ஒலியோ கை நகரும்வரை நிற்கும். மனிதக் குரலுக்கு மிக அண்மையில் நிற்பவை இக்கருவிகளே என்று இசை அறிந்தோர் கூறுவதன் காரணம் இதுவே.

இக்கருவிகளுள் பழமையானதாகச் சொல்லப்படும் ஒன்றுக்கும் நமது நாட்டுக்கும் தொடர்பு கற்பிக்கப்பட்டிருக்கின்றது. அதன் பெயர் இராவணஹஸ்தம். ஹஸ்தம் என்றாற் கை. கைலாச மலையைப் பெயர்க்க முயன்று அதன் கீழ் நசுங்கிய இலங்கை வேந்தன், தன் தலை ஒன்றையும் கை நரம்புகளையும் கொண்டு வீணை செய்து, சாமகானம் பாடிச் சிவபெருமானின் அருளைப் பெற்றான் என்பது ஐதிகம். நமக்கு இக்கதையைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகங்களிலே எட்டாம் பாட்டு இராவணனை நினைவூட்டுவது வழக்கம் என்பதைத் தேவாரம் ஓதும் நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். கம்பன் காட்டும் இராவணனின் கொடியிலே வீணை இருக்கின்றது. திருக்கோணமலைக்குச் செல்வோர் இராவணன் வெட்டையும் கன்னியா வெந்நீரூற்றையும் கண்டு வருகின்றனர். சிங்களச் சகோதரருள்ளும் இராவணனைத் தம் முன்னோனாகக் கொண்டாடுவோர் இப்போது பலர். 2019ஆம் ஆண்டிலே இலங்கை விண்வெளிக்கு அனுப்பிய முதலாவது ஆய்வுச் செய்மதிக்கும் ‘இராவணா-1’ என்றே பெயரிடப்பட்டது.

இந்தப் பெருமைக்கு ஐரோப்பியரும் நெய் வார்த்தனர். பிரான்சு தேசத்துப் பிரயாணியான பியேர் சொன்னரா என்பவர் 1782இல் வெளியிட்ட தமது யாத்திரை நூலிலே ‘ராவணாஸ்திரம்’ என்னும் இக்கருவியைக் குறிப்பிட்டு, இலங்கை மன்னன் இராவணன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆக்கியது என்று தாம் கேட்ட கதையையும் எழுதி வைத்தார். பின்னர் பெல்ஜிய நாட்டு இசையறிஞர் பெத்தி என்பவர், 1856இல் ஸ்திராதிவாரியைப் பற்றி எழுதிய நூலில், வில்லிசைக் கருவிகள் எல்லாம் கிழக்கிலிருந்தே மேற்குக்குச் சென்றன என்றும், அவற்றின் மூலம் இதுவே என்றும் வாதித்தார். அன்றிலிருந்து, வயலினைக் கண்டுபிடித்தவன் இராவணனே என்ற பேச்சு மேடைதோறும் ஒலித்து வருகின்றது.

பெரியோர்கள் பொறுத்தருள்க. இந்தப் பேச்சை நாம் சிறிது நிறுத்துப் பார்க்கவேண்டும். ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் வெர்னர் பாக்மன் 1964இல் வெளியிட்ட நூலிலே, வில்லால் இழைக்கும் முறை ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவிலே தோன்றி, அராபியர் வழியாகவும் பைசாந்தியம் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்தது என்று காட்டினார். குதிரையோடு வாழ்ந்த மக்களிடையே குதிரைவால் மயிர் கட்டிய வில் பிறந்தது என்பது அறிவுக்கும் பொருத்தமாகவே இருக்கின்றது. இந்தியாவில் இம்முறை தனியே தோன்றியிருக்கலாம் என்று வாதிப்போரும் உளர். 13ஆம் நூற்றாண்டிலே சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரத்தில், வில்லால் இழைக்கப்படும் பினாகி வீணை கூறப்பட்டிருக்கின்றது. ஆகவே பாரத நாட்டில் இக்கருவிகள் பழமையானவை என்பதிற் சந்தேகமில்லை. ஆனால், ஐதிகம் வேறு. உறுதிப் பத்திரம் வேறு. இராவணன் கதை நமது பக்தியை வளர்க்கும். அதைக் காட்டி வயலினுக்கு உரிமை கோருதல் இயலாது.

இதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இராவணன் பெயரைத் தாங்கிய அக்கருவி இன்று எங்கே இருக்கின்றது? கோணமலையிலா? நல்லூரிலா? இல்லை. கடலையும் பல மாகாணங்களையும் கடந்து, வட இந்தியாவின் இராஜஸ்தான் பாலைநிலத்திலே இருக்கின்றது. அங்கே அதனை ‘ராவணஹத்தா’ என்கின்றனர். போபா எனப்படும் கிராமியப் பூசாரிப் பாடகர் கையிலே அது வாழ்கின்றது. பாபூஜி என்னும் வீரத் தெய்வத்தின் கதை தீட்டிய நீண்ட துணிச் சித்திரத்தை இரவிலே விரித்துக் கட்டி, போபா இக்கருவியை இழைத்துப் பாடுவார். அவர் மனைவியும் உடன் பாடி, கதை நிகழும் இடத்தை விளக்கொளியிற் காட்டுவாள். நமது காத்தவராயன் கூத்தை விடியுமட்டும் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அக்கருவியைச் செய்யும் விதத்தைக் கேளுங்கள். அதன் குடம் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையின் வாயை அறுத்து, உள்ளும் புறமும் சுரண்டி மெல்லிதாக்கி, ஊறவைத்த ஆட்டுத்தோலை அதன்மேல் இழுத்துக் கட்டி உலரவிடுவர். தோல் காயக் காய இறுகும். குடத்தினூடே நீண்ட மூங்கிற் கழி ஒன்றைச் செலுத்துவர், அதுவே தண்டி. தண்டியின் தலையிலும் பக்கத்திலும் துளையிட்டு முறுக்காணிகளைப் பொருத்துவர். முதன்மைத் தந்திகள் இரண்டு. ஒன்று குதிரைவால் மயிர்க் கற்றை, மற்றது உருக்குக் கம்பி. இவற்றின் அருகே பத்துக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிகள் ஓடும். அவற்றை யாரும் தொடுவதில்லை. முதன்மைத் தந்தி ஒலிக்கும்போது, அதே சுரத்துக்குச் சேர்த்த கம்பி தானாகவே அதிர்ந்து துணைக்குரல் கொடுக்கும். வில் வளைந்த மரத்தாலானது. குதிரைவால் மயிர் கட்டியது. அதில் சிறு சதங்கைகளைத் தொங்கவிடுவர். வில்லை அசைக்கும் கையே தாளமும் போட்டுவிடுகின்றது.

வில் எவ்வாறு நரம்பைப் பாடச் செய்கின்றது? வழுவழுப்பான மயிர் நரம்பின்மேல் வழுக்கிச் செல்லுமேயன்றி ஒலியை எழுப்பாது. ஆகையால் உலர்ந்த மரப் பிசினை அதன்மேற் தேய்ப்பர். பிசின் பூசிய மயிர் நரம்பைப் பற்றி இழுக்கும்; இழுவை மிஞ்சியதும் நரம்பு விடுபட்டுப் பின்வாங்கும்; மீண்டும் பற்றப்படும். இந்தப் பற்றலும் விடுதலும் ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நிகழ்கின்றன. மேனாட்டார் சுருதி சேர்க்கும் ஆதார ஒலியிலே நொடிக்கு 440 தடவை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1863இல் வெளியிட்ட நூலிலே இவ்வசைவை ஆராய்ந்து விளக்கினார். பாலைநிலத்துப் போபா அந்நூலைக் கண்டவரல்லர். அவர் முன்னோர் அறிந்த உண்மையை விஞ்ஞானி கணக்கிற் காட்டினார், அவ்வளவே.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்று. இராஜஸ்தான் பாலைநிலத்திலே தென்னை வளர்வதில்லை. பூசைக்கென வெளியூரிலிருந்து வரும் தேங்காயே அங்கு உண்டு. அந்தத் தேங்காயின் சிரட்டையை எடுத்து அவர்கள் நாதம் படைக்கின்றனர். நமக்கோ வளவு நிறையத் தென்னை. அடுப்படி நிறையச் சிரட்டை. அகப்பையும் கரியும் செய்தோம். இராவணன் பெயரையும் நாமே வைத்திருந்தோம். கருவி மாத்திரம் நம்மிடம் இல்லை.

இராவணஹஸ்தம் தனித்த ஒன்றன்று. அதற்கு உறவினர் பலர். மணிப்பூரிலே ‘பேனா’ என்னும் ஒற்றைத் தந்திக் கருவி உண்டு; அதன் குடமும் சிரட்டையே, தந்தியும் குதிரைவால் மயிரே. நமக்கு அண்மையிலுள்ள கேரளத்திலே புள்ளுவர் என்போர், நாகதெய்வங்களைப் போற்றும் சர்ப்பப் பாட்டிலே புள்ளுவ வீணையை இழைத்துப் பாடுகின்றனர். அதன் குடத்துக்கு உடும்புத் தோல் போர்ப்பதும், கொடியின் நாரை முறுக்கித் தந்தியாக்குவதும் பழைய வழக்கம். நாகதம்பிரானுக்குப் பொங்கலிடும் நாம் அறியவேண்டிய கருவி அது. வட இந்தியச் சாரங்கியோ ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படுவது. ஆட்டுக்குடலில் முறுக்கிய மூன்று தந்திகளும், அவற்றின் கீழே முப்பதுக்கு மேற்பட்ட துணைக் கம்பிகளும் அதற்கு உண்டு. ஒருகாலத்தில் பாடலுக்கும் ஆடலுக்கும் பின்னணியாக மட்டும் இருந்த சாரங்கியை, பண்டித ராம் நாராயண் (1927–2024) தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். தமிழகத்துத் திருவிழாக்களிலே சிறுவர்க்கு விற்கப்பட்ட கொட்டாங்கச்சி வயலினும் இந்தக் குடும்பத்துக் கடைக்குட்டியே.

இனி வயலினுக்கு வருவோம். நாம் மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்றவர்கள். இத்தாலியிலுள்ள கிரெமோனா நகரத்தின் பெயரும், அங்கு வாழ்ந்த அந்தோனியோ ஸ்திராதிவாரியின் (1644–1737) பெயரும் இராவணஹஸ்தத்தின் பெயருக்கு முன்னரே எமக்கு அறிமுகமாயின. அதனால் எமக்கு வருத்தமில்லை. அக்கல்வி ஓர் ஒப்பீட்டை எமக்குத் தந்தது. ஸ்திராதிவாரி ஓர் அரசனல்லன், முனிவனல்லன். மரத்தைச் செதுக்கிய கைத்தொழிலாளி. அவன் செய்த கருவிகளுள் ஏறத்தாழ 650 இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் தன் பெயரையும் ஊரையும் செய்த ஆண்டையும் அச்சிட்ட சிறு தாளை அவன் ஒட்டி வைத்தான். வாசித்தவர் பலரை உலகம் மறந்தது, செய்தவனை மறக்கவில்லை. கிரெமோனாவின் வயலின் செய்யும் தொழிலை 2012இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அந்த வயலினை நமது சங்கீதத்துக்கு உரியதாக்கிய பெருமை, முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதருக்கும், சுவாதித் திருநாள் மன்னரின் (1813–1846) அவையிலிருந்த தஞ்சை வடிவேலுவுக்கும் உரியது. நின்று வாசிக்கும் கருவியை நிலத்தில் அமர்ந்து வாசிக்க வைத்தோம், அதன் தலையைப் பாதத்திலே தாங்கினோம், கமகம் பேசவைத்தோம். வாசிப்புக் கலையை முற்றாக நமதாக்கினோம். ஆனால் அதே அளவு அக்கறையைச் செய்தொழிலிற் காட்டினோமா? யாழ்ப்பாணத்திலே வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகளை நடத்திப் பல தலைமுறை மாணவரை உருவாக்கியது. 1960இல் மருதனார்மடத்திலே தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வயலின் வாசிப்போர் பத்துப்பேரின் பெயரை இச்சபையில் எவரும் சொல்லுவர். வயலினைத் திருத்துபவர், மிருதங்கத்துக்குத் தோல் போர்ப்பவர், வீணைக்குப் பலா மரம் குடைபவர் ஒருவரின் பெயரையாவது நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

இதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாது விட்டால் இவ்வுரையாற் பயனில்லை. சரசுவதி பூசையன்று கருவிக்குச் சந்தனமிட்டுக் குங்குமமிட்டு வணங்குகின்றோம். அதைச் செய்தவனை வாசலுக்கு அப்பால் நிறுத்தினோம். தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்றோம். அவன் பதப்படுத்திய தோலின் நாதம் மாத்திரம் கோயிலுக்குள்ளே சென்றது. மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை 2020இல் ஒரு நூலாக எழுதிய பாடகர் டி. எம். கிருஷ்ணா, வித்துவானின் புகழுக்குப் பின்னே பெயரின்றி நின்ற கைகளைப் பற்றியே பேசினார். இராஜஸ்தானத்துப் போபாக்களும் தம் நாட்டிலே தாழ்த்தப்பட்டவர்களாகவே வாழ்ந்தனர். மேலோர் எனப்பட்டோர் காவாத இராவணன் கருவியைக் காத்தவர்கள் அவர்களே. தொழிலாளியை மதியாத இடத்திலே அவன் மகன் அத்தொழிலைக் கற்கமாட்டான். மகன் கல்லாத தொழில் ஒரு தலைமுறையில் ஒழிந்துபோம். இது யாருடைய சாபமுமன்று, நடைமுறை.

அவ்வாறு ஒழிந்ததற்குச் சான்று வேண்டுமா? நமது ஊர்ப் பெயரே சான்று. யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் யாழ்ப்பாணம் என்று நாம் கதை சொல்லுகின்றோம். பெயரிலே யாழ் இருக்கின்றது; ஊரிலே யாழ் இல்லை. செய்யும் கை மறைந்தபின் கருவியும் மறைந்தது. பாட்டு வரிகளையும் உரைக் குறிப்புகளையும் கொண்டு அதன் வடிவத்தையும் சுருதியையும் மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் உழைத்தார். 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறியது; அதே ஆண்டில் அடிகளாரும் மறைந்தார். ஒரு தச்சனின் மகன் தன் தகப்பனிடம் பார்த்துப் பழகியிருந்தால் சில ஆண்டுகளிற் பெற்றிருக்கக்கூடிய அறிவைத் தேட, ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது. யாழுக்கு நேர்ந்தது இன்னொரு கருவிக்கு நேரலாகாது.

நமது நாட்டின் தட்பவெப்பமும் இத்தொழிலறிவை வேண்டி நிற்கின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே மரம் வறண்டு சுருங்கும். மாரியிலே ஈரம் குடித்து விரியும். வயலினின் பலகைகளை மிருகத்தோற் பசையாலே ஒட்டுவர். அப்பசை மரத்திலும் சற்று வலிமை குறைந்ததாக இருக்கவேண்டும் என்பது தொழிலின் இரகசியம். அப்போதுதான் மரம் அசையும்போது பலகை பிளவாது, ஒட்டு மாத்திரம் விடும். விட்ட ஒட்டை மீண்டும் ஒட்டலாம். இதை அறியாதவர் கடையில் வாங்கிய வன்பசையைப் பூசிவிட்டால் அடுத்த கோடையிலே பலகையே பிளந்துவிடும். 1995 ஒக்டோபரிலே வலிகாமத்து மக்கள் கையிலெடுத்ததோடு இடம்பெயர்ந்தபோது, வீடுகளில் விட்டுச் சென்றவற்றுள் இசைக்கருவிகளும் இருந்திருக்கும். மழையிலும் வெயிலிலும் கிடந்து ஒட்டு விட்ட கருவி பயனற்றதன்று. திருத்தத் தெரிந்த கை கிடைத்தால் அது மீண்டும் பாடும்.

ஆகையால், நமது சங்கத்து இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, நம் அங்கத்தவர் வீடுகளிலும் அயலிலும் பழுதுற்றுக் கிடக்கும் இசைக்கருவிகளைக் கணக்கெடுப்போம். எந்த மரம், எந்தப் பழுது, யார் செய்தது என்று ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினாலே போதும்.

இரண்டாவது, கருவி செய்யும், திருத்தும் தொழிலாளரை அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைத்து, வித்துவான்களை இருத்தும் அதே மேடையில் இருத்தி, அவர்களுக்குப் பொன்னாடை போர்ப்போம். அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்போம். கேட்டதை இம்மலரிலே பிரசுரிப்போம்.

மூன்றாவது, இராவணஹஸ்தம் ஒன்றை நாமே செய்து பார்ப்போம். சிரட்டை நம்மிடம் உண்டு. மூங்கிலும் ஆட்டுத்தோலும் கிடைக்கும். மரவேலை அறிந்தோர் ஊர்தோறும் இருக்கின்றனர். குதிரைவால் மயிருக்கு நெடுந்தீவைப் பார்க்கலாம் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வர். அங்குள்ள குதிரைகள் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை அவற்றின் பாட்டில் விட்டு, மயிரை விலைகொடுத்தே வாங்குவோம்! தென்னிலங்கையிலே தினேஷ் சுபசிங்க என்ற சிங்கள இசையமைப்பாளர் இக்கருவியை மீண்டும் மேடையேற்றியிருக்கின்றார். இராவணன் தமிழனா சிங்களவனா என்று வழக்காடுவதை விடுத்து, கருவியை எப்படிச் செய்வது என்று அவரிடம் கேட்டறியும் இளைஞனே இராவணன் புகழுக்கு உண்மையான வாரிசு ஆவான். முதலிற் செய்யும் கருவி அழகாக இராது. அதன் ஒலி கதவு கிறீச்சிடுவதுபோல் இருந்தாலும் வியப்பில்லை. இரண்டாவது சற்றுத் திருந்தும். தொழில் என்பது அவ்வாறே கைக்கு வரும்.

அப்படிச் செய்யும் கருவியின் சிரட்டைக்குள்ளே, தோலைப் போர்ப்பதற்கு முன்னர், செய்தவன் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுவோம். அவன் எந்தக் குலத்தவன் என்பது அத்தாளில் வேண்டாம்.

எல்லாம் வல்ல இறைவன் இம்முயற்சிக்குத் துணைபுரிவானாக.